காப்பீடும் கொலையும்

குடும்பத் தலைவர் கண்மூடினாலும் வீட்டில் அடுப்பு அணையலாகாது என்பதே ஆயுள் காப்பீட்டின் நோக்கம். அவ்வேற்பாடே அவர் உயிருக்கு உலை வைக்குமாயின் என்னென்பது!

2025-ஆம் ஆண்டு அக்டோபரில், திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்ப்பேட்டையில், அரசுப் பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர் பாம்பு கடித்து இறந்தார். விபத்தென்றே கருதப்பட்டது. ஆயினும், வருவாய்க்குப் பொருந்தாத பெருந்தொகைக்குப் பல பாலிசிகள் இருந்தமை கண்டு காப்பீட்டு நிறுவனம் ஐயுற்றது, காவல்துறைக்கும் அறிவித்தது. டிசம்பரில், இறந்தவரின் புதல்வர் இருவர் உட்பட அறுவர் கைதாயினர். ஏறத்தாழ 3 கோடி ரூபாயை நாடி, ஆள் வைத்துப் பாம்பைக் கொணர்ந்து கடிக்கச் செய்தனர் என்பதும், முதல் முயற்சியில் தந்தையார் பிழைத்துக்கொள்ள மறுமுறையும் முயன்றனர் என்பதும் காவல்துறையின் குற்றச்சாட்டு. உண்மையை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

பிறர் உயிரின்மேல் பந்தயம் கட்டுவதைத் தடுக்க இங்கிலாந்து 1774-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒருவர் வாழ்வதால் நன்மையடைவோரே அவர்பேரில் காப்பீடு செய்யலாம் என்பது அதன் கருத்து. இந்தியாவிலும் அக்கொள்கையே நிலவுகிறது. மனைவி மக்கள் அவர் நெடிது வாழ்வதையே விரும்புவர் என்னும் நம்பிக்கை இதற்கு அடிப்படை.

அந்நம்பிக்கை பொய்த்த இடத்தில் சட்டம் கதவை அடைத்துவிடுகிறது. கணவனுக்கு நஞ்சிட்டதாகத் தண்டனை பெற்ற ஒரு பெண்ணுக்கு அவனுடைய காப்பீட்டுத் தொகையில் உரிமையில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 25-ஆவது பிரிவில், கொலை செய்தவரும் அதற்கு உடந்தையானவரும் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாகார் என்று விதிக்கின்றது.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலருடைய பெற்றோர் ஊரிலேயே இருக்கின்றனர். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, அவர்கள் பெயரில் எத்தனை பாலிசிகள் உள்ளன, தொகை எவ்வளவு, பிரீமியம் கட்டுபவர் யார் என்பவற்றை அவர்களுடன் அமர்ந்து பார்த்துவிடுங்கள். படித்துக் காட்டாமல் எவரும் கையெழுத்து வாங்க இடங்கொடாதீர்கள். தொகையைப் பெறுவதற்கென நியமித்தவரைப் பாலிசி முதிர்வதற்கு முன் மாற்றும் உரிமை காப்பீடு செய்தவருக்கு உண்டு என்பதையும் எடுத்துரையுங்கள். பெற்றோரின் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும் வீட்டில் அவர்கள் உயிருக்கும் மதிப்பிருக்கும்.