பீரோ நிறையத் துப்பாக்கிகள், வாங்கிக்கொள்ள யார்?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்களில் நவம்பர் என்றாலே மான் வேட்டைதான். விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைப் பருவம் ஒன்பது நாள் நடக்கும். பென்சில்வேனியாவில் முன்பு வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை பல பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள்; அங்கே தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாறியது 2019-இல்தான். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பனியில் நடந்து முதல் மானைச் சுட்ட அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. முழங்கால் வலியில் மரத்துப் பரணில் ஏற முடிவதில்லை. பெரிய ரைஃபிள் சுடும்போது பின்னால் உதைக்கும் உதையைத் தோள் தாங்குவதில்லை. காட்டுக்குப் போவது நின்றுவிட்டது. துப்பாக்கிகள் மட்டும் வீட்டில் அப்படியே இருக்கின்றன.

இவற்றை என்ன செய்வது என்பது இன்று பல லட்சம் அமெரிக்க வீடுகளில் தள்ளிப்போடப்படும் கேள்வி. மத்திய மீன், வனவிலங்குத் துறையின் கணக்கெடுப்பில் 1991-இல் 16 வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்கள் 1.41 கோடிப் பேர். 2016-இல் அது 1.15 கோடியாகக் குறைந்தது. அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை 25 கோடியிலிருந்து 32 கோடியைத் தாண்டியிருந்தது. கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போன பிள்ளைகளுக்கு வேட்டையில் நாட்டமில்லை. ஆனால் துப்பாக்கி என்பது லேசில் தேயாத பொருள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் நூறு வருடம் கழித்தும் சுடும். பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் சுமார் 39.3 கோடி என்று ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2017 நிலவரத்தை வைத்து மதிப்பிட்டது. தலைக்கு ஒன்று என்று வைத்தாலும் மிச்சம் இருக்கும். பியூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 29 சதவீதம் பேர் தங்களிடம் ஐந்தோ அதற்கு மேலோ இருப்பதாகச் சொன்னார்கள்.

வேட்டைக்காரரின் வீட்டில் ஐந்தும் பத்தும் சேர்வதற்குக் காரணம் உண்டு. அணிலுக்கும் முயலுக்கும் சின்ன .22 ரைஃபிள் போதும். பறக்கும் வாத்தைச் சுடச் சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் வேண்டும். மானுக்கு .30-30 அல்லது .270, கடம்பைமானுக்கு .30-06. மகனுக்கு வயது வந்ததும் உதை குறைவான 20 கேஜ் ஒன்று. மாமனார் இறந்தபோது வந்து சேர்ந்த வின்செஸ்டர் மாடல் 94 ஒன்று. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய ரெமிங்டன் 870 ஒன்று. சேகரிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஐம்பது வருட வேட்டை வாழ்க்கை தானாகவே ஒரு பீரோவை நிரப்பிவிட்டது.

இந்த பீரோவில் என்ன இருக்கிறது என்று அரசுக்கே தெரியாது. மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு எதையும் உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடையில் வாங்கினால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அது கடைக்காரரின் கோப்பிலேயே இருக்கும். பல மாநிலங்களில் நண்பரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ வாங்கினால் அந்தப் படிவமும் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும் என்பது 1968-க்குப் பிறகுதான் கட்டாயமானது. அதற்கு முன் செய்த மலிவு விலை .22-களிலும் ஷாட்கன்களிலும் எண்ணே இல்லாதவை நிறைய. எது எங்கே இருக்கிறது, எது யாருடையது, எதில் தோட்டா இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரே ஒரு கிழவரின் ஞாபகத்தில்தான். அவர் போனதும் அதுவும் போய்விடும்.

தோட்டா விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய லீவர் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதற்குள் வரிசையாகப் படுத்திருக்கும். மேலே திறந்து பார்த்து அறை காலி என்று நம்பியவர், லீவரை ஒரு முறை இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். துப்பாக்கியைத் தொட்டே பழகாத மனைவியோ மகளோ, துக்கம் நடந்த வாரத்தில் அதைக் கையில் எடுக்க நேர்வது பெரிய ஆபத்து.

அடுத்தது சட்டம். ஒரே மாநிலத்துக்குள் அப்பா மகனுக்குக் கொடுப்பது பெரும்பாலான இடங்களில் எளிது. மகன் வேறு மாநிலத்தில் இருந்தால் கதை மாறும். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மாநில எல்லை தாண்டித் தரும் அன்பளிப்பு மத்திய உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாகப் போய், பெறுபவரின் பின்னணியைச் சோதித்த பிறகே கைமாற வேண்டும். உயில்படியோ வாரிசுரிமைப்படியோ வருவதற்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் பெறுபவரின் மாநிலச் சட்டம் அவரை அனுமதிக்க வேண்டும். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்ற மகனுக்கோ, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்ற மருமகனுக்கோ தாத்தா ஆசையாக எழுதி வைத்தாலும் அவர்கள் தொடக்கூடாது. நியூயார்க்கில் இறந்தவரின் துப்பாக்கி யார் கைக்கு வருகிறதோ, அவர் 15 நாளுக்குள் அதைச் சட்டப்படி கைமாற்றவோ காவல்துறையிடம் ஒப்படைக்கவோ வேண்டும். ஈமச்சடங்கு முடிந்து உறவினர்கள் ஊர் திரும்புவதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

இதைவிடச் சிக்கலானது போரிலிருந்து கொண்டுவந்த நினைவுப் பொருள். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சண்டையிட்ட சிலர் எதிரியின் தானியங்கித் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை பதிவாகியிருக்க வேண்டும். 1968 நவம்பரில் தொடங்கி முப்பது நாள் மட்டும் அரசு பொது மன்னிப்பு தந்தது. தண்டனையின்றிப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டதை இனி எந்த வாரிசும் பதிவு செய்ய முடியாது. சும்மா வைத்திருப்பதே குற்றம். பதிவான ஒன்றென்றால் வாரிசு வரியின்றிப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழைய பதிவுக் காகிதம் எந்த டிராயரில் இருக்கிறது என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

விற்கலாம் என்று முடிவெடுத்தால் முதல் ஏமாற்றம் விலையில் வரும். மாடல் 94 ரைஃபிள் 70 லட்சத்துக்கும் மேல், ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டவை. அப்பாவின் நினைவுக்கு விலை கிடையாது. சந்தை அதற்குப் பணம் தராது. இளைய வேட்டைக்காரர்கள் மழையில் ஊறாத பிளாஸ்டிக் அடிக்கட்டையும், துருப்பிடிக்காத எஃகுக் குழலும், 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் போன்ற புதுத் தோட்டாவும் கேட்கிறார்கள். வால்நட் மரமும் நீலம் பூசிய எஃகும் அவர்களுடைய தாத்தாக்களின் ரசனை.

அபூர்வமானவை வேறு கதை. வின்செஸ்டர் மாடல் 70-ஐ எடுத்துக்கொள்வோம். 1964-இல் நிறுவனம் செலவைக் குறைக்க அதன் அமைப்பையே மாற்றியது. அதற்கு முன் செய்தவற்றுக்கு இன்றும் தனி மவுசு. அதிலும் தொழிற்சாலையில் பூசிய பழைய நீலம் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்பதில்தான் விலை நிற்கிறது. விற்பதற்கு முன் பளபளவென்று இருக்கட்டுமே என்று மெருகேற்றி மறுபூச்சுப் பூசியவர், தன் கையாலேயே பெரும்பகுதி மதிப்பைச் சுரண்டி எறிந்தவர் ஆகிறார். வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவு இருக்கும் துப்பாக்கி எந்த வடிவில், எந்த நாளில் வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். வரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது விற்றால், வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபத்துக்கு வரி உண்டு. இறந்தபின் வாரிசுக்கு வந்தால் இறந்த நாளின் சந்தை விலையே அடக்க விலை.

சொந்தக்காரரின் புகழும் விலையை ஏற்றும். தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்ற ஃபாக்ஸ் ஷாட்கன் 2010-இல் 8,62,500 டாலருக்கு ஏலம் போனது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் இரட்டைக்குழல் .577 ரைஃபிள் அடுத்த ஆண்டு 3,40,000 டாலருக்குப் போனது. .44 மேக்னம் தோட்டா உருவாகப் பாடுபட்ட ஐடஹோ எழுத்தாளர் எல்மர் கீத் 1984-இல் இறந்தார். அவருடைய துப்பாக்கிகள் பல வருடம் பாய்ஸி நகரக் கடையொன்றில் காட்சியில் இருந்து, 2015-இல்தான் மெய்ன் மாநிலத்தில் ஏலத்துக்கு வந்தன. பெயர் பெற்ற சேகரிப்புக்கே ஒரு முடிவு கிடைக்க முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஹெமிங்வேயின் இன்னொரு துப்பாக்கி எந்த ஏலத்துக்கும் வரவில்லை. 1961-இல் கடும் மனச்சோர்வுக்கு மேயோ மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஐடஹோவின் கெட்சம் வீட்டுக்குத் திரும்பிய அவர், சில நாட்களில், ஜூலை 2 அன்று, உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மேரி துப்பாக்கிகளைக் கீழ்த்தள அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவிகள் சமையலறை ஜன்னல் விளிம்பில் இருந்தன. ஒருவருக்குச் சொந்தமான பொருளை அவரிடமிருந்து மறைக்க யாருக்கும் உரிமையில்லை என்று தாம் எண்ணியதாக மேரி பின்னாளில் எழுதினார். அந்தத் துப்பாக்கியைப் பட்டறையில் வெட்டித் துண்டாக்கிப் புதைத்துவிட்டார்கள்.

மேரிக்கு இருந்த அந்தத் தயக்கம் இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது 75 வயதைக் கடந்த ஆண்களிடையே. அந்த வயதில் மறதி நோயும் சேர்ந்துகொண்டால், இரவில் மகனையே திருடன் என்று நினைத்துத் துப்பாக்கியை எடுக்கும் அபாயமும் உண்டு. மறதி நோய் என்ற காரணத்துக்காக மட்டும் மத்தியச் சட்டம் யாரிடமிருந்தும் துப்பாக்கியை வாங்கிக்கொள்வதில்லை. ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணை மூலம் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம் சுமார் இருபது மாநிலங்களில் இருக்கிறது. பெற்ற அப்பாவுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏற எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

கொலராடோ பல்கலைக்கழக அவசர மருத்துவர் எம்மி பெட்ஸும் அவருடைய குழுவினரும் சொல்லும் வழி இதைவிட மென்மையானது, அதனாலேயே பயன் தரக்கூடியது. கார் ஓட்டுவதை எப்போது நிறுத்துவது என்று முதியவர்கள் முன்கூட்டியே பேசி வைப்பதில்லையா, துப்பாக்கிக்கும் அப்படி ஓர் ஓய்வு நாளைப் பேசி வைக்கலாம் என்கிறார்கள் அவர்கள். நோயின் தொடக்கத்தில், தெளிவு இருக்கும்போதே, இன்ன அறிகுறி தெரிந்தால் சாவியை இன்னாரிடம் கொடுக்கிறேன் என்று அப்பாவே எழுதிக் கையெழுத்திடுவது. பிடுங்கப்பட்டோம் என்ற அவமானம் அதில் இல்லை; முடிவு அவருடையதாகவே இருக்கிறது. துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வெளியே வைத்துப் பாதுகாக்கும் கடைகளும் காவல் நிலையங்களும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் கொலராடோவில் 2019 முதல் இருக்கிறது.

இனி யார் கைக்கும் போகவே வேண்டாம், அழித்துவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களும் விசாரித்துக் கொடுப்பது நல்லது. மத்தியச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது ரிசீவர் எனப்படும் நடுக்கூடு மட்டுமே. காவல்துறை அழிக்கச் சொல்லி அனுப்பிய துப்பாக்கிகளில் அந்த ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டு, மற்ற பாகங்களை இணையத்தில் விற்பது நடக்கிறது என்று 2023 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2013-இல் தொடங்கிய ரா டூல்ஸ் என்ற அமைப்பு, கொடுத்த துப்பாக்கியை அறுத்து, குழலை உலையில் காய்ச்சித் தோட்ட மண்வெட்டியாகவும் களைக்கொத்தாகவும் அடித்துத் தருகிறது.

இத்தனையையும் பார்த்தால், கையில் தெம்பு இருக்கும்போதே கொடுத்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றுகிறது. பிள்ளைகளை உட்காரவைத்து யாருக்கு எது வேண்டும் என்று நேரே கேட்டுவிடலாம். மூத்த மகன் வேண்டாம் என்பான், யாரும் எதிர்பார்க்காத பேத்தி கேட்பாள். பன்னிரண்டு வயதுப் பேத்தியின் கைக்குத் தாத்தாவின் ரைஃபிள் நீளமாக இருக்கும். பலர் அடிக்கட்டையை ஓர் அங்குலம் அறுத்துவிடுகிறார்கள். அறுத்த கட்டையை மீண்டும் ஒட்ட முடியாது, மதிப்பும் சரிந்துவிடும். அதற்குப் பதில் நீளம் குறைந்த இன்னொரு கட்டையை வாங்கி மாட்டி, பழையதைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தால், அவள் வளர்ந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் யாருமே கேட்காவிட்டால், மினசோட்டாவில் 2001-இல் தொடங்கி இன்று பல மாநிலங்களில் நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான களிமண் தட்டுச் சுடும் போட்டிகள் இருக்கின்றன. நன்றாக வைத்திருக்கும் ஒரு 12 கேஜ் அங்கே வீணாகாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தொடக்கம் ஒரு பட்டியல்தான். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்., உரிமையாளர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ள ஒரு படிவத்தை இலவசமாகத் தருகிறது. செய்த நிறுவனம், மாடல், தோட்டா அளவு, வரிசை எண், எப்போது யாரிடம் வாங்கியது என்று வரிசையாக எழுத இடம் உண்டு. நிரப்பியதை அரசுக்கு அனுப்ப வேண்டியதில்லை. துப்பாக்கிகள் இருக்கும் பீரோவிலேயே அதையும் வைத்துவிடாமல், உயில் இருக்கும் இடத்தில் வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். எந்தத் துப்பாக்கி எந்த வருடம் எந்தக் காட்டில் எந்த மானைச் சாய்த்தது என்று எழுத அதில் இடமில்லை; அதைத் தனித் தாளில் எழுதி உடன் வைக்கலாம்.