பட்டறைக்கு மலசலகூடம்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

நமது தோட்டத்திலிருந்து கிழக்குப் பக்கம் போன பிள்ளை ஒருவர் மாங்கேணியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறை கட்டப் போகிறார். ஊருக்கு வந்தபோது கடதாசியில் கீறிய படத்தை எங்களிடம் காட்டினார். வேலைத்தலம், சாமான் அறை, மேசை எல்லாம் இருந்தன. மலசலகூடம் மட்டும் "பிறகு பார்ப்போம்" என்று விடுபட்டிருந்தது. கொங்கிரீட் போட்ட நிலத்தை உடைத்துப் பைப் போட என்ன செலவாகும் என்று மேசன்மாருக்கு முன்பே தெரியும், காசு கொடுப்பவருக்குப் பிறகுதான் தெரியும்.

மலைநாட்டில் நமக்குச் சரிவுதான் கவலை. மேலே குழி, கீழே பீலி என்றால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். மாங்கேணி அப்படியல்ல. கடலுக்கும் களப்புக்கும் பக்கத்தில் மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இப்படிப்பட்ட கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத்தான் நிற்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் பல உப்பாகிப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். உப்பு கலந்தால் வாய்க்குத் தெரியும். குழித் தண்ணீர் கலந்தால் தெரியாது.

ஆகவே படத்தில் முதலில் கிணற்றையும் ஊறுகுழியையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையில் 100 அடி இருக்கட்டும். பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். குழியின் அடி நிலத்தடி நீருக்கு 5 அடியாவது மேலே நிற்க வேண்டும். ஆவணி மாதத்து வறட்சியில் பார்த்த நீர்மட்டம் கணக்கில் வராது. மார்கழி, தையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அயலாரிடம் கேளுங்கள். அங்கே ஆழக் குழி சரிவராது. ஒழுகாத இரண்டறைத் தாங்கி கட்டி, அதிலிருந்து வரும் தண்ணீருக்கு மணல் மேடு போட்டு உயர்த்திய ஊறுபடுக்கை அமைக்க வேண்டும். மலசலகூடத் தளமும் படி வைத்து உயர வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குத் தண்ணீர் பின்னோக்கி வரும். பிளாஸ்டிக் தாங்கி என்றால் புதைத்தவுடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். வெறுமையாக விட்டால் நீர்மட்டம் ஏறும்போது தோணி மாதிரிக் கிளம்பிவிடும்.

பைப் 4 அங்குலம், சரிவு அடிக்குக் கால் அங்குலம். குத்தாகப் போட்டால் நன்றாக ஓடும் என்பது பிழை. தண்ணீர் முந்தி ஓடிவிடும், மலம் பின்னால் தங்கிவிடும். எங்கள் கண்முன்னே ஒரு லயத்தில் இப்படித்தான் மாதத்துக்கொரு தடவை மூங்கில் விட்டுக் குத்தினார்கள். வளைவு வரும் இடத்தில் மூடி போட்ட சிறு தொட்டி வைத்தால் அடைப்பை எடுப்பது சுகம். காற்றுப் பைப்பைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள்.

பட்டறை என்பதால் இன்னொன்று. கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும் மலசலகூடத் தாங்கிக்குள் போகவே கூடாது. மலத்தைக் கரைக்கும் கிருமிகள் செத்துவிடும், எண்ணெய் மணலில் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். ஒயிலைக் கேனில் சேருங்கள். கை கழுவும் தண்ணீருக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி தனியாக இருக்கட்டும். பெண்களும் வந்துபோகும் இடமென்றால் உள்தாழ்ப்பாள் போட்ட தனிக் கதவு வேண்டும்.

அத்திவாரம் வெட்டுமுன் படத்தைப் பிரதேச சபைக்குக் கொடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டச் சொன்னோம். தம்பி திரும்பிப் போய் அளந்து பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மாவின் கிணறு, அவர் நினைத்திருந்த குழியிலிருந்து 40 அடிதானாம். இப்போது குழி மறு எல்லைக்குப் போய்விட்டது. இரண்டு சைக்கிள் நிறுத்தும் இடம் குறைந்துவிட்டது என்று கொஞ்சம் மனக்குறைதான்.