பத்தாண்டு வாசலில் நின்ற படம்

சுவர் எழுதும் தோழனை நாம் எல்லோரும் அறிவோம். பகலெல்லாம் ஆலையிலே உழைத்துவிட்டு, இரவு வந்ததும் வாளியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு புறப்படுவான். அவன் கையிலே ஒரு துண்டறிக்கை. அதிலே கட்டைவிரல் நகமளவுக்கு உதயசூரியன். எதிரே நிற்பதோ இருபதடிச் சுவர்! நகமளவை இருபதடியாக்க வேண்டும். என்ன செய்கிறான் அவன்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மையின் ஒவ்வொரு புள்ளியையுமா பெயர்த்து எழுதுகிறான்? இல்லை! நடுவிலே ஓர் ஆணி அடிக்கிறான். ஆணியிலே நூல், நூலின் மறுமுனையிலே சுண்ணக்கட்டி. ஒரே வீச்சு! அரைவட்டம் எழுந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை, நடுவிலிருந்து கிளம்பும் கதிர்கள். நூலை நீட்டினால் பெரிய சூரியன்; குறுக்கினால் சிறிய சூரியன். அளவு எதுவானாலும் விளிம்பு மட்டும் வெட்டியெடுத்தாற்போல நிற்கும்.

அந்த ஆணியையும் நூலையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கணிப்பொறிக்குள்ளே அவை எப்படிப் புகுந்தன, எத்தனை ஆண்டு வாசலிலே நிறுத்தி வைக்கப்பட்டன, அதற்கும் நம் தமிழுக்கும் என்ன உறவு என்பதைச் சொல்லப் போகிறேன்.

கணிப்பொறி படத்தை வைத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, புள்ளி வழி. அகலத்திலே 200 புள்ளி, உயரத்திலே 200 புள்ளி என்றால் 40,000 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். புகைப்படத்துக்கு இதுதான் ஏற்றது. ஆனால் அந்தப் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்! ஒவ்வொரு புள்ளியும் நூறு புள்ளியின் இடத்தை அடைத்துக்கொண்டு செங்கல்லாக நிற்கும். சூரியனின் வளைவு படிக்கட்டாக மாறிவிடும்.

மற்றொன்று, நம் சுவர்த் தோழனின் வழி. இங்கே மையம், ஆரம் இவ்வளவு, வட்டம் போடு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கோடு இழு. உள்ளே சிவப்பு நிரப்பு. இப்படிக் கட்டளையாகவே எழுதி வைப்பது. பார்ப்பவரின் திரை சிறிதா, பெரிதா என்று கணக்குப் பார்த்து, உலாவி அந்த இடத்திலேயே புதிதாக வரைந்து கொள்ளும். அளவு மாறினாலும் கெடாத இந்தக் கோட்டுப்படத்துக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் எஸ்.வி.ஜி. அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது எழுத்து! சாதாரண எழுத்து. படிக்கலாம், திருத்தலாம்.

இதைப் பட்டம் பெற்றவர்கள்தாம் புரிந்துகொள்ள முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில் இருக்கிறதே நம் சிங்காரப்பேட்டை, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தேறி ஓசூர்ப் பட்டறைகளுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளைக் கேளுங்கள். லேசர் வெட்டு இயந்திரத்தின் முன்னால் நிற்கும் ஒருவனிடம், என் கைப்பேசியிலிருந்த ஒரு படத்தைக் காட்டி, "இதை இரும்புத் தகட்டிலே வெட்டிக் கொடுப்பாயா தம்பி?" என்று கேட்டேன். "போட்டோவை வெச்சு வெட்ட முடியாதுண்ணே, டிராயிங் கொடுங்க" என்றான். முடிந்தது பாடம்! இயந்திரத்துக்கு வேண்டியது கோடு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்கிற கணக்கு.

இவ்வளவு நல்ல முறை வந்ததும் உலகம் இரு கைநீட்டி ஏற்றிருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? கேளுங்கள் அந்தக் கதையை.

1998-ஆம் ஆண்டு. இணையத்திலே கோட்டுப்படம் வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாருடைய முறை என்பதிலேதான் தகராறு. அடோபி, ஐ.பி.எம்., நெட்ஸ்கேப், சன் ஆகியவை சேர்ந்து ஒரு முறையை நீட்டின. மைக்ரோசாஃப்டும் அதன் நேசக் கம்பெனிகளும் வேறொரு முறையை நீட்டின. இணையத்துக்குப் பொதுவிதி வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, "உன்னுடையதும் வேண்டாம், உன்னுடையதும் வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்து பொதுவாக ஒன்றைச் செய்வோம்" என்றது. மூன்றாண்டு உட்கார்ந்தார்கள். 2001 செப்டம்பர் 4 அன்று எஸ்.வி.ஜி.யின் முதல் பதிப்பு பொதுவிதியாக வெளிவந்தது. யாரும் பயன்படுத்தலாம், யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம்.

ஆனால், அதற்கு முந்திய மாதம்தான், 2001 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்டின் ஆறாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வெளிவந்திருந்தது. அதற்கு எஸ்.வி.ஜி. தெரியாது. கணிப்பொறியை வாங்கினால் விண்டோஸ், விண்டோஸுக்குள்ளே எக்ஸ்ப்ளோரர். இப்படிச் சேர்த்துக் கட்டி விற்பது தகுமா என்று அமெரிக்க அரசே 1998-இல் வழக்குத் தொடுத்ததே, அந்த எக்ஸ்ப்ளோரர்தான்! 2003 வாக்கில் இணையத்துக்குள் நுழைந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். வாசற்காரன் விடாத பொருள் ஊருக்குள் எப்படி வரும்? பத்துப் பேரில் ஒன்பது பேர் பார்க்க முடியாத படத்தை எந்தப் பைத்தியக்காரன் வரைவான்? யாரும் வரையவில்லை. யாரும் வரையாததால், "கேட்பாரே இல்லையே, எதற்குச் சேர்க்க வேண்டும்?" என்று சொல்வதும் எளிதாயிற்று. ஆதிக்கத்தின் தந்திரமே இதுதான், தோழர்களே! கதவைச் சாத்திவிட்டு, தட்டுவாரைக் காணோமே என்பது!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோட்டுப்படமே கூடாது என்று மைக்ரோசாஃப்ட் சொன்னதில்லை. 1999-இல் வந்த ஐந்தாம் எக்ஸ்ப்ளோரரிலேயே அதற்குச் சொந்தமாக ஒரு கோட்டுப்பட முறை இருந்தது. கோடு வேண்டும், ஆனால் என் வீட்டுக் கோடு வேண்டும் என்ற பிடிவாதம்தான்.

இடையிலே அடோபி ஒரு பாலம் போட்டது. எக்ஸ்ப்ளோரருக்குள்ளே எஸ்.வி.ஜி.யைக் காட்டும் துணைமென்பொருள் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. தொலைபேசிக் கம்பியிலே சொட்டுச் சொட்டாக இணையம் வந்த அந்தக் காலத்தில், நம்மூர் பிரௌசிங் சென்டரிலே மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவன், ஒரு படம் பார்ப்பதற்காகத் துணைமென்பொருளைத் தரவிறக்கிக்கொண்டா இருப்பான்? அந்தப் பாலமாவது நிலைத்ததா? 2005 இறுதியில் அடோபி, ஃப்ளாஷ் வைத்திருந்த மேக்ரோமீடியாவை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே எஸ்.வி.ஜி. துணைமென்பொருளைக் கைவிடப் போவதாக அறிவித்தது. 2009 ஜனவரி 1-ஆம் நாளோடு அந்தப் பாலத்தைக் கவனிப்பாரில்லை. அந்த ஃப்ளாஷையும் 2020 டிசம்பர் 31-இல் அடோபியே அடக்கம் செய்துவிட்டது என்பது தனிக்கதை!

பொதுவிதியைக் காப்பாற்றியவர்கள் சிறியவர்கள். பலர் கூடித் தன்னார்வமாகக் கட்டிய கான்கொரர் 2004-இல் எஸ்.வி.ஜி.யைக் காட்டியது. நார்வே நாட்டு ஓபெரா 2005 ஏப்ரலில் காட்டியது. ஃபயர்ஃபாக்ஸ் அதே ஆண்டு நவம்பரில் காட்டியது. ஆளுக்கொரு பிடி மண்ணாகச் சேர்ந்து மேடாயிற்று. எக்ஸ்ப்ளோரரின் கூட்டம் கரையத் தொடங்கியது. அதன் பிறகுதான், 2010 ஜனவரியில், எஸ்.வி.ஜி. விதிக்குழுவிலே மைக்ரோசாஃப்ட் வந்து அமர்ந்தது. 2011 மார்ச் 14 அன்று வந்த ஒன்பதாம் எக்ஸ்ப்ளோரரிலே கதவு திறந்தது. ஒன்பதரை ஆண்டு!

திறந்தது யாருக்கு? அந்த ஒன்பதாம் எக்ஸ்ப்ளோரர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலே ஓடாது. நம் அலுவலகங்களிலும் கடைகளிலும் அன்று இருந்தவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பிதானே! கைப்பேசி மட்டும் என்ன வாழ்ந்தது? கூகுளின் குரோம் உலாவி மேசைக் கணிப்பொறியிலே எஸ்.வி.ஜி.யைக் காட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதே கூகுளின் ஆண்ட்ராய்டு இரண்டாம் பதிப்பிலிருந்த உலாவிக்கு அது தெரியாது. மூன்றாம் பதிப்பிலேதான், 2011-இல், வந்தது. மலிவு விலைக் கைப்பேசிகளோ அதற்குப் பின்னும் பழைய பதிப்போடுதான் விற்கப்பட்டன. காசுள்ளவன் முதலில் உள்ளே போனான். இல்லாதவன் இன்னும் சில ஆண்டு வாசலில் நின்றான்.

இனித் தமிழுக்கு வருகிறேன்.

இயந்திரத்தின் வாசலிலே தமிழ் நின்றது இது முதல்முறையா? ஈய அச்சுக் காலத்தில் லை, ளை, னை, ணை என்பவற்றுக்குத் தும்பிக்கை போட்ட தனி உருவங்கள் வார்க்க வேண்டியிருந்தது. பெரியார் 1935-இல் குடி அரசு ஏட்டிலே அவற்றைச் சீர்திருத்தி அச்சடித்தார். அரசாணை வந்தது 1978-இல்! நாற்பத்து மூன்று ஆண்டு! (அது மாற்றாரின் ஆட்சி, ஆனாலும் நல்ல ஆணை. அதைச் சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.) பிறகு கணிப்பொறி வந்தது. கம்பெனிக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு! இங்கே அடித்த 'அ' அங்கே போனால் கூட்டல்குறியாகவும் கேள்விக்குறியாகவும் பல்லிளித்தது. கலைஞர் முதல்வராயிருந்த 1999 பிப்ரவரியில் சென்னையிலே கூடிய தமிழ்இணையம் மாநாடுதான், பொது விசைப்பலகை, பொதுக் குறியீடு என்று முறைப்படுத்தப் புறப்பட்டது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறிக்கு அரசாணை பிறந்தது.

ஆனாலும் ஒரு பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பிளக்ஸ் அடிக்கும் கடைக்குப் போயிருப்பீர்கள். வடிவமைப்பவர் தமிழிலே அடித்து முடித்ததும் கடைசியாக ஒரு வேலை செய்வார்: எழுத்தையெல்லாம் 'கர்வ்' ஆக மாற்றிவிடுவார். அதாவது எழுத்து எழுத்தாக இராது, வளைகோடாகிவிடும். அவர்மேல் குற்றமில்லை. அச்சடிக்கும் இடத்திலே அதே எழுத்துரு இல்லையென்றால், 'கொ' என்பதன் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடிவிடும். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். பதாகைக்கு அது சரி. இணையத்துக்கும் அதே கோப்பை ஏற்றுகிறோமே, அதுதான் கோளாறு!

கோடாகிப்போன தமிழைத் தேடுபொறி காணாது. கண்பார்வை இழந்த தோழருக்கு அறிவிப்பை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது கேட்காது. பன்னிரண்டு உயிரெழுத்தும் இருக்கும், உயிர் இராது! புள்ளிப்படமாக ஏற்றப்படும் அறிவிப்புகளின் நிலை இன்னும் மோசம். விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்று கைப்பேசியிலே இழுத்துப் பெரிதாக்கினால், நாளும் தெரியாது, மாதமும் தெரியாது. சாம்பல் நிறச் செங்கல் தெரியும்.

எஸ்.வி.ஜி.யிலே எழுத்தை எழுத்தாகவே வைக்க வழியிருக்கிறது. ஒருங்குறித் தமிழில் எழுதி, பக்கத்தோடு சேர்த்துப் பதித்துவிட்டால், படத்துக்குள்ளே இருக்கும் சொல்லையும் தேடலாம், நகலெடுக்கலாம். தனிப் படமாக ஒட்டினால் மட்டும், வெளியிலிருந்து எழுத்துரு எடுத்துவர உலாவி இடங்கொடாது. எழுத்துருவைப் படத்துக்குள்ளேயே கட்டிக் கொடுக்க வேண்டும். நோட்டோ தமிழ் போன்ற விலையில்லா எழுத்துருக்கள் இன்று இருக்கின்றன. ஆகவே செலவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் ஓசூர்த் தோழர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். ஒரே படத்துக்குள்ளே பல மொழிகளை எழுதி வைக்கலாம். தமிழ் ஒரு வரி, கன்னடம் ஒரு வரி, தெலுங்கு ஒரு வரி. பார்ப்பவர் தம் உலாவியிலே எந்த மொழியைத் தேர்ந்திருக்கிறாரோ, அந்த மொழி வரும். ஒருவன் மொழியை இன்னொருவன் தலையில் ஏற்றாத படம்! நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல இது. 2001-ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. விக்கிப்பீடியாவின் படக்களஞ்சியம் இந்த முறையைப் பயன்படுத்தித்தான், ஒரே வரைபடத்தைப் பல மொழிப் பெயர்களோடு காட்டுகிறது.

இன்று ஆலைகள் பலவற்றில் இயந்திரத்தின் நிலையைக் காட்டும் திரை உலாவிக்குள்ளேயே ஓடுகிறது. தொட்டி, குழாய், மோட்டார் எல்லாம் எஸ்.வி.ஜி. கோடுகள். ஓசூரிலே அந்தத் திரையின் முன்னால் நிற்பவர்கள் யார்? ஊத்தங்கரைத் தமிழர், ஆனேக்கல் கன்னடர், குப்பத்துத் தெலுங்கர், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள். திரையிலே எழுதியிருப்பதோ ஆங்கிலம். அழுத்தம் ஏறுகிறது, நிறுத்து என்பதை அறிய ஒரு கணம் தாமதித்தால் போவது யாருடைய விரல்? தொழிற்சங்கத் தோழர்கள் கூலிக்கும் போனசுக்கும் பட்டியல் எழுதும்போது, திரையிலே தமிழும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? இயந்திரம் இடங்கொடாது என்று நிர்வாகம் சொன்னால், 2001-ஆம் ஆண்டு விதியை எடுத்து மேசைமேல் வைக்கலாமே!

நான் சொன்னேனே, லேசர் வெட்டும் தம்பி, அவன் ஒரு ஞாயிறன்று சிங்காரப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். கைப்பேசியிலே ஒரு கோப்பைத் திறந்தான். ஒரு மோட்டார், ஒரு பொத்தான், பக்கத்திலே ஆங்கிலத்தில் ஒரு சொல். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து 'அவசர நிறுத்தம்' என்று தமிழில் அடித்தான். உலாவியிலே திறந்தான். தமிழ் வந்தது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். 'த'வின் வளைவு கத்தியாய் நின்றது. "அவ்வளவுதாண்ணே" என்றான். எங்களுக்குச் சொல்லியிருந்த தேநீர் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.