நீக்கிய பின்னும் மிச்சமிருந்த சான்றிதழ்

2016-இல் வெளியான தூய்மைத் தரவரிசையில் 73 நகரங்களில் மைசூருக்கு முதலிடம். மறு ஆண்டு பிப்ரவரியில் கணினிகளுக்கும் மத்திய அரசு ஒரு தூய்மை மையம் தொடங்கியது: சைபர் ஸ்வச்தா கேந்திரா. தெருக் குப்பை நாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்; கணினிக் குப்பைக்கு அந்த நாணயம் கிடையாது. கேட்காமலே குடியேறிய மென்பொருளைத் தேடிப்பிடித்து 'அன்இன்ஸ்டால்' அழுத்தியதும் வேலை முடிந்தது என்று மைசூரிலும் நம்புகிறோம், மதுரையிலும் நம்புகிறோம். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் நிரலையும் பெரும்பாலும் அதே மென்பொருள்காரர்தான் எழுதுகிறார் என்பதே சங்கடம்.

லெனோவா விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. 2014-இன் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த அதன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்பே ஏற்றப்பட்டிருந்தது. பூட்டுக்குறி போட்ட வங்கிப் பக்கங்களுக்குள்ளும் நுழைவதற்காக, அது விண்டோஸில் தனக்கென ஒரு ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளம் அசல் என்று கணினி நம்புவதற்கான அத்தாட்சியை, பதித்துக்கொண்டது. 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்தபோது பலர் மென்பொருளை நீக்கினார்கள். சான்றிதழ் அப்படியே இருந்தது. அந்தச் சான்றிதழுக்கு எல்லாக் கணினியிலும் ஒரே சாவி, அதன் கடவுச்சொல்லும் வெளியாகிவிட்டது. போலி வங்கித் தளம் நடத்துபவருக்கு அது போதும். விளம்பரம் நின்றுவிட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்க இடமிருந்ததுதான் இதில் மோசம். பிறகு லெனோவா தனி நீக்கக் கருவி வெளியிட்டது; மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டரும் சான்றிதழையும் சேர்த்து அகற்றியது. ஆகவே நீக்கிய பிறகும் பாதி வேலை பாக்கி: ஸ்டார்ட்அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள், முகப்புப் பக்கம், தேடுபொறி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பிடிவாதமாகத் திரும்பி வருவதை, அது பெரும்பாலும் ஓடாத சேஃப் மோடில் ஸ்கேன் செய்வது எளிது.

இத்தனை பாடு எதற்கு, ஒரு கிளீனர் போட்டால் போதாதா என்பார்கள். அவசரத்தில் தேடினால் முதலில் அகப்படுவதே பல நேரம் போலிக் கிளீனர்தான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இலவசக் கருவி கிடைக்கும்போது ஊர்பேர் தெரியாததை நம்புவானேன்? ஃபார்மட் அடித்துவிடலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கடுமையான தொற்றுக்கு அதுவே சரி. ஆனால் தயாரிப்பாளரின் ரெகவரி பகுதியிலிருந்து மீட்டால் முன்பே ஏற்றியவையும் கூடவே திரும்பிவிடலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த விண்டோஸையே நிறுவ வேண்டும். பேக்கப்பில் படங்களும் ஆவணங்களும் போதும், பழைய செட்டப் கோப்புகள் வேண்டாம். வங்கிக் கடவுச்சொல்லை இதற்கிடையில் வேறொரு கணினியிலிருந்து மாற்றிவிடலாம்.