இட்லி மாவும் இளவரசன் காதலும்: மாயக்கதை எப்படி இயங்குகிறது?

வாளும் மகுடமும் மந்திரமும் நிறைந்த பதின்பருவ நாவல்களில் ஒரு காதலும் இருக்கும். அந்தக் காதலுக்கு அங்கே என்ன வேலை? ஹாலி பிளாக் எழுதி 2018இல் வெளிவந்த 'தி க்ரூவல் பிரின்ஸ்' நாவலை இட்லி மாவோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். (கதையின் முடிவும் இதில் வருகிறது.)

அரிசி: கதைக்கு உடம்பு

எல்ஃப்ஹேம் என்பது ஃபேரிகளின் ராஜ்ஜியம். அதன் தளபதி மடாக், ஏழு வயது மனிதச் சிறுமி ஜூடின் கண்ணெதிரே அவள் பெற்றோரைக் கொல்கிறான். அவளையும் சகோதரிகளையும் எல்ஃப்ஹேமுக்குக் கொண்டுபோய்த் தானே வளர்க்கிறான். பத்து ஆண்டுகள் கழித்து, அரியணைப் போட்டி நடக்கும் அரண்மனையில் அவள் ஓர் இளவரசனுக்கு ஒற்றர் ஆகிறாள். இட்லிக்கு அரிசியை ரவைப் பதமாக அரைப்பதுபோல இந்த உலகத்தையும் பிளாக் கொரகொரப்பாகவே விட்டிருக்கிறார். அழகு எவ்வளவோ, குரூரமும் அவ்வளவு.

உளுந்து: அளவில் குறைவு

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும். இங்கே காதல் காட்சிகளும் கொஞ்சம்தான். அந்த இளவரசனின் கடைசித் தம்பி கார்டன், உடன் படிக்கும் ஜூடை மனிதப் பிறவி என்று இழிவுபடுத்துகிறான். அவளும் அவனை மனதார வெறுக்கிறாள். இருவரும் எதிரெதிரே நிற்கும் ஒவ்வொரு முறையும் நமக்கு மூச்சு முட்டுகிறது.

உப்பு: ஒரே ஒரு விதி

ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது; மனிதர்களால் முடியும். இந்த ஒரு விதி கதை முழுக்கக் கரைந்திருக்கிறது. மந்திர சக்தி ஏதுமில்லாத ஜூடுக்குப் பொய்தான் ஆயுதம். கார்டனுக்கோ மௌனமும் சுற்றி வளைத்த பேச்சும் மட்டுமே தப்பிக்கும் வழி. கத்திமுனையில் அவள் கேட்கும்போது, அவளையே நினைத்துக்கொண்டிருப்பதை அவன் ஒப்புக்கொள்ள நேர்கிறது. வேறு கதையில் காதலன் சொல்வதை நம்பலாமா என்று யோசிப்போம். இங்கே அதற்கு இடமே இல்லை. அரசியல் சூழ்ச்சிக்கான விதியே காதலுக்கும் சாட்சியாகிவிடுகிறது.

புளிக்கும் நேரம்

மாவில் நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மாவு பொங்குகிறது. பகையும் ஈர்ப்பும் உண்டாக்கும் அழுத்தத்தை இந்தக் காதல் அப்படித்தான் பிடித்துவைக்கிறது. முதல் அத்தியாயங்களிலேயே இருவரும் மனம்விட்டுப் பேசியிருந்தால் அந்த அழுத்தம் வீணாகியிருக்கும். பிளாக் அவசரப்படவில்லை; 2019இல் வந்த இரண்டு தொடர்ச்சிகளிலும் அது பொங்கிக்கொண்டே போகிறது.

ஊற்றும் பதம்

முடிவில், ஓர் ஆண்டும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகக் கார்டனிடம் சத்தியம் வாங்குகிறாள் ஜூட். பிறகு அவன் விரும்பாத மகுடத்தை அவன் தலையிலேயே வைக்கச் செய்கிறாள். அது காதல் காட்சியா, ஆட்சிக் கவிழ்ப்பா? அரைத்துக் கலந்த மாவில் அரிசியையும் உளுந்தையும் பிரிக்க முடியாது.

இளம் வாசகர்களை, குறிப்பாகப் பெண்களை, இந்தக் கதை இழுப்பது இதனால்தான். அதிகாரம் வேண்டும் என்று ஒரு பெண் வெளிப்படையாக ஆசைப்படுகிறாள். அதற்காக அவள் காதலைத் துறக்கவேண்டும் என்று கதை கேட்பதில்லை. இரண்டையும் கேட்கும் துணிச்சலை ஒரு நாவல் பதினேழு வயதில் தருகிறதென்றால், அதை வெறும் கனவுக்கதை என்று ஒதுக்குவது நியாயமில்லை.