ஒரே வேளையில் உடல் எடையில் 80 சதவீதம்! உடும்புகளின் பசி பற்றித் தெரியுமா?

உயிரியல் பூங்காவில் வெயில் விளக்கின் கீழே அசையாமல் படுத்திருக்கும் உடும்பைப் பார்த்து, "சரியான சோம்பேறி" என்று நகர்ந்துவிடுகிறவரா நீங்கள்? உணவு வாளியோடு பராமரிப்பாளர் வரும் நேரத்தில் ஒருமுறை நின்று பாருங்கள்! பிளவுபட்ட நாக்கு காற்றைத் துழாவும். தலை நிமிரும். அடுத்த நொடி அது முழு வேட்டைக்காரன்! ஒரு சாண் நீளப் பொடியன் முதல் 3 மீட்டர் கொமோடோ டிராகன் வரை, உலகில் 80-க்கும் மேற்பட்ட உடும்பு வகைகள் இருக்கின்றன. சாப்பாட்டு விஷயத்தில் இவை காட்டும் திறமையும் புத்தியும் நம்மை வாயடைக்க வைக்கும். அதே பசிதான் கூண்டுக்குள் இவற்றின் உயிருக்கே உலை வைக்கிறது என்பதும் தெரியுமா? வாருங்கள், பார்க்கலாம்!

ஒரே பந்தியில் எவ்வளவு?

கொமோடோ டிராகன் ஒரே வேளையில் தன் உடல் எடையில் 80 சதவீதம் வரை தின்றுவிடும்! 60 கிலோ எடையுள்ள ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து 48 கிலோ சாப்பாட்டைக் காலி செய்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்! கீழ்த்தாடை நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும், வயிறு பெரிதாக விரியும். ஆடு போன்ற இரையை முழுசாக விழுங்க 15 முதல் 20 நிமிடம் ஆகலாம். அத்தனை நேரம் வாய் அடைத்துக் கிடந்தால் மூச்சு? நாக்குக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாகக் காற்று தடையில்லாமல் நுரையீரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்! இரை உள்ளே போக மறுத்தால், வாயில் கவ்வியபடியே மரத்தில் முட்டித் தள்ளும். இப்படி ஒருமுறை வயிற்றை நிரப்பிக்கொண்டால் பல நாள் பட்டினி கிடக்கும். காட்டில் பெரிய டிராகன் ஆண்டுக்குச் சுமார் 12 வேளை உணவிலேயே காலம் தள்ள முடியும்!

வெயில் இல்லாவிட்டால் சாப்பாடே விஷம்!

வயிறு நிறைந்ததும் உடும்பு தேடுவது நிழலை அல்ல, வெயிலை! உடல் சூடேறினால்தான் செரிமானம் நடக்கும். குளிரில் கிடந்தால் விழுங்கிய இறைச்சி வயிற்றுக்குள்ளேயே அழுகி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால்தான் சவன்னா உடும்பு வளர்க்கும் பூங்காக்களில் விளக்கின் நேர்க்கீழே இருக்கும் பாறை 50 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். செரிக்காத கொம்பு, முடி, பல் எல்லாம் என்ன ஆகும்? ஒரே உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே வந்துவிடும். அந்த நாற்றம் பொறுக்காமல் கொமோடோ முகத்தை மண்ணிலும் புதரிலும் தேய்த்துக்கொள்ளும்!

பல்லில் இரும்பு!

கொமோடோவின் வாயில் சுமார் 60 பற்கள். ஒவ்வொன்றும் ரம்பம் போல விளிம்பு கொண்டது. அந்த விளிம்பும் நுனியும் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ஏன் தெரியுமா? அங்கே இரும்புச்சத்து செறிந்த பூச்சு படிந்திருக்கிறது! 2024-இல் வெளியான ஆய்வு இதை உலகுக்குச் சொன்னது. இறைச்சியைக் கிழிக்கும் இடத்தில் இயற்கையே இரும்பைப் பூசி வைத்திருக்கிறது!

அழுக்கு வாய் என்பது கட்டுக்கதை!

"கொமோடோவின் எச்சில் முழுக்கக் கொடிய கிருமி, கடித்தால் அதனால்தான் இரை சாகிறது" என்று பல பத்தாண்டுகளாகப் பாடம் படித்தோம். லாஸ் ஏஞ்சலிஸ், ஹொனலூலு, ஹூஸ்டன் பூங்காக்களில் இருந்த 16 டிராகன்களின் வாயைச் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பது போன்ற சாதாரணக் கிருமிகள்தான் அங்கும் இருந்தன! இன்னொரு ஆச்சரியம்: சாப்பிட்டு முடித்ததும் 10, 15 நிமிடம் உதட்டை நக்கியும், தலையை இலைகளில் தேய்த்தும் வாயைச் சுத்தம் செய்துகொள்ளும். அப்படியானால் கடியில் வேறென்ன இருக்கிறது? கொமோடோவின் தாடையில் நச்சுச் சுரப்பி இருப்பதை 2009-இல் பிரையன் ஃப்ரை குழுவினர் விளக்கமாகக் காட்டினார்கள்.

பழம் தின்னும் உடும்புகள்!

உடும்பு என்றாலே ஊன் உணவுதான் என்று நினைத்தீர்களா? பிலிப்பைன்ஸ் காடுகளில் மூன்று உடும்பு வகைகள் மரத்தில் ஏறிப் பழம் தின்கின்றன! அவற்றில் ஒன்று 2001-லும், இன்னொன்று 2010-லும்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. லூசான் தீவின் 'புட்டான்' உடும்பு தாழை இனப் பழங்களையும் நத்தைகளையும் விரும்பித் தின்னும். இதற்கு வெறும் எலியைப் போட்டு வளர்த்தால் எப்படிச் சரியாகும்?

நத்தையை எண்ணும் கணக்குப் புலி!

அமெரிக்காவின் சான் டியாகோ பூங்காவில் ஜான் ஃபிலிப்ஸ் செய்த சோதனையைக் கேளுங்கள்! ஆப்பிரிக்காவின் வெண்தொண்டை உடும்புகளுக்கு, ஒரு தொகுதியில் இத்தனை நத்தைகள் என்று பழக்கினார். பிறகு ஒரு நத்தையை மட்டும் எடுத்துவிட்டார். அடுத்த தொகுதி கண்ணெதிரே இருந்தும் உடும்பு நகரவில்லை. காணாமல் போன ஒன்றை மூலைமுடுக்கெல்லாம் தேடியது! ஆறு வரை அதற்குக் கணக்குத் தெரிந்திருந்தது!

கதவைத் திறக்கும், கையை விட்டு எடுக்கும்!

2008-இல் வெளியான இன்னொரு ஆய்வு: எட்டு இளம் கருந்தொண்டை உடும்புகள், உள்ளே எலி வைத்த ஒளி ஊடுருவும் குழாய், அதில் கீல் வைத்த கதவு. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. எட்டும் முதல் முயற்சியிலேயே 10 நிமிடத்துக்குள் திறந்து எலியைத் தின்றன! இரண்டாம் முறை இன்னும் வேகம்! இந்தோனேசியாவின் அரூ தீவுகளைச் சேர்ந்த கறுப்பு மர உடும்பு இன்னொரு படி மேலே. தலை நுழையாத பொந்துக்குள் முன்னங்காலை விட்டுத் துழாவி, உள்ளே இருக்கும் பூச்சியை இழுத்து எடுக்கும். பூங்காவில் வளர்ந்த உடும்புகளிடம் இதைக் கவனித்து 2011-இல் எழுதினார்கள்!

கையிலிருந்தே முட்டை வாங்கிய டிராகன்!

1927-இல் லண்டன் பூங்காவுக்கு வந்தன சும்பாவா, சும்பா என்ற இரண்டு கொமோடோக்கள். ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளர் ஜோன் ப்ராக்டர் என்ற பெண். 1928 அக்டோபரில், லண்டன் விலங்கியல் சங்கத்தின் கூட்டத்துக்கே சும்பாவாவை அழைத்துப் போனார்! அறிஞர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையிலிருந்தே அது கோழி, முட்டைகள், புறா என்று வாங்கித் தின்றது. அவர் தட்டிக்கொடுத்தபோதும் சாதுவாக நின்றது! கொடூர மிருகம் என்று பத்திரிகைகள் வர்ணித்த பிராணி, தெரிந்த கையை நம்பியது. 34 வயதிலேயே மறைந்த ப்ராக்டருக்கு நாம் தலைவணங்க வேண்டும்!

வெள்ளைக் காலணி வேண்டாம்!

2001-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பூங்காவில் பத்திரிகை ஆசிரியர் ஃபில் பிரான்ஸ்டீன் கொமோடோவின் அடைப்புக்குள் போனார். வெள்ளைக் காலணியைக் கழற்றச் சொன்னார்கள். ஏன் தெரியுமா? அந்த டிராகனுக்குப் போடுவது வெள்ளை எலி! காலணியை எலி என்று நினைத்துவிடுமோ என்ற கவலை. கழற்றியும் வெறுங்காலைக் கடித்துவிட்டது. தினமும் பழகிய பிராணியே ஆனாலும், சாப்பாட்டு நினைவு வந்துவிட்டால் எட்ட நிற்பதே நல்லது!

வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் 1992-இல் பொரிந்த கிராக்கன் என்ற பெண் கொமோடோவோ இரை எது, விளையாட்டுப் பொருள் எது என்று பிரித்தறிந்தது. பராமரிப்பாளரின் பையிலிருந்து கைக்குட்டையை மெல்ல உருவி எடுத்தது! விளையாடக் கொடுத்த வளையத்தை அது விழுங்கப் பார்த்தது, அதில் எலி ரத்தம் தடவியிருந்தால் மட்டும்தான்!

அன்பே எமனாகும்!

இதுதான் மிக முக்கியம். உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது ஆப்பிரிக்காவின் சவன்னா உடும்பு. காட்டில் அதன் உணவு பெரும்பாலும் சிள்வண்டு, வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, நத்தை. கொழுத்த எலி அங்கே அரிது. கிடைக்கும்போதே தின்றுவிட வேண்டும் என்பது காட்டு விதி. அதனால் நீட்டியதை எல்லாம் அது வாங்கும். வளர்ப்பவரோ, "பாவம், இன்னும் பசி போல" என்று அடுத்த எலியைப் போடுவார்! ஓடித் தேட இடமும் இல்லை. கொழுப்பு வயிற்றில் சேரும், கல்லீரலில் படியும். தண்ணீர் குறைந்து புரதம் மிகுந்தால் யூரிக் அமிலம் சேர்ந்து சிறுநீரகமும் மூட்டும் பழுதாகும். கால்சியமும் புற ஊதா ஒளியும் கிடைக்காத குட்டிக்கு எலும்பு வளையும்.

பச்சை முட்டையிலும் ஆபத்து உண்டு தெரியுமா? வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் சத்தை உடலில் சேரவிடாது. முட்டையே கதி என்று வளர்ந்த உடும்புக்குத் தசை பலவீனம் வரும். சில வகை மீன்களை மட்டுமே போட்டாலும் வைட்டமின் பி1 குறைந்துவிடும்!

சாப்பாட்டையே வேட்டையாக்கு!

நல்ல பூங்காக்கள் இதற்கு அருமையான வழி வைத்திருக்கின்றன. உணவை இலைச்சருகில் ஒளித்து வைப்பார்கள். இறைச்சியை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு எம்பிக் கிழிக்க வைப்பார்கள். குச்சி நுனியில் பந்து கட்டி, அதைத் தொட்டால்தான் உணவு என்று பழக்குவார்கள். அந்தப் பழக்கத்தால் எடை பார்க்கவும், ரத்தம் எடுக்கவும்கூடப் பிராணி தானே வந்து நிற்கும்! பல இடங்களில் உயிருள்ள எலிக்குப் பதில், உறைய வைத்து இளக்கிய எலிதான். இரை திருப்பிக் கடித்துப் புண்ணாக்கும் பயம் இல்லை!

நம் ஊர் உடும்பு!

நம் வயல்வெளி உடும்பு வண்டு, புழு, நண்டு, தவளை, முட்டை என்று தேடித் தின்று உழவருக்கு உதவுகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாக அதற்கும் பாதுகாப்பு! பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் குற்றம். ஆசையாக இருந்தால் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1976 முதல் இயங்கும் முதலைப் பண்ணைக்குப் போங்கள். உடும்புகளும் கொமோடோவும் அங்கே உண்டு! "இது எவ்வளவு சாப்பிடும்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இதை எப்படித் தேடிச் சாப்பிட வைக்கிறீர்கள்?" என்றும் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் குழந்தைகளையும் கேட்கச் சொல்லுங்கள். எண்ணத் தெரிந்த, கதவு திறக்கத் தெரிந்த ஒரு பிராணிக்கு வயிறு மட்டும் நிறைந்தால் போதாது. மூளைக்கும் வேலை வேண்டும்!