கோதா மண்

பயில்வான்கள் மல்யுத்தம் பழகும் கோதாவின் மண் இது. கல்லும் சல்லியும் நீங்கச் சலித்து, எண்ணெய், மோர், மஞ்சள் முதலியவற்றைச் சேர்த்து, மிதமான ஈரத்தில் நாள்தோறும் கொத்திப் புரட்டி இதை மிருதுவாக்குவார்கள். விழுகிறவனுடைய எலும்பைக் காப்பதும், வியர்வை வழியும் சரீரத்தில் பிடி நழுவாமற் செய்வதும் இதன் தொழில். கோதாவில் இறங்குமுன் இதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மரபு. சங்கரநாராயணர் கோவில் புற்று மண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொள்ளும் சங்கரன்கோவில் மக்களுக்கு இந்தப் பக்தியை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய மண்ணில் வளர்ந்த இந்தியப் பயில்வான் காமா, 1910 செப்டம்பர் 10-ஆம் தேதி லண்டனில், ஜான்புல் உலகச் சாம்பியன் பட்டத்திற்காக, தம்மைவிட மிகுந்த எடையுள்ள போலந்து தேசத்து ஸ்பிஷ்கோவுடன் பொருதினார். தொடக்கத்திலேயே கீழே தள்ளப்பட்ட ஸ்பிஷ்கோ, எழுந்தால் தோல்வி என்பதை உணர்ந்து, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் விரிப்போடு ஒட்டிக் கிடந்தே தற்காத்துக்கொண்டமையால் அன்று முடிவு ஏற்படவில்லை. 17-ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்ட போட்டிக்கு அவர் வராமற்போகவே, பட்டம் காமாவுக்கு உரியதாயிற்று. அந்நியர் ஆட்சியில் தலைகுனிந்திருந்த தேசத்திற்கு அது எத்தகைய உற்சாகத்தை ஊட்டியிருக்கும்! 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது, ஒரு நிமிஷத்திற்குள் காமா வென்றார்.

சர்வதேசப் போட்டிகள் இன்று மண்ணில் அல்லாமல் விரிப்பின்மீதே நடைபெறுகின்றன. 1967-இல் உலகச் சாம்பியன் போட்டி புது டில்லியில் நடந்தபோது, அந்த விரிப்பிலும் 57 கிலோ எடைப் பிரிவில் இந்தியாவின் பிஷம்பர் சிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.